கத்திரிக்கு எண்ணெய் விட்ட ஆயுதபூஜை

என் கணவர் காலமான பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், உட்கார்ந்து காப்பி குடித்து முடிப்பதற்குள், “எப்ப ஊருக்குப் போறே?” என்று கேட்டுவிடுவார்கள். நாகப்பட்டினத்தில் எனக்காக யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மாமியார் வீட்டில் ஒரு மூலை உண்டு. அந்த மூலையில் ஒரு பாய் உண்டு. மீதி ஆயுளை அந்தப் பாயில் கழிப்பதுதான் எனக்கு மரியாதை என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

இங்கே எனக்கு ஒரு பட்டறை இருந்தது. சிராங்கூன் ரோட்டிலிருந்து ஜாலான் புசார் பக்கம் போகும் சந்தில், எருமைக் கொட்டில்களின் நாற்றத்துக்கு நடுவில், தகரக்கூரை போட்ட பெரிய கொட்டகை. குதிரைவண்டிகளுக்குச் சக்கரம் மாட்டுவது, குலுக்கல் தாங்கும் வில் கட்டுவது, கூண்டு வேய்வது எல்லாம் அங்கே நடக்கும். மெத்தையும் மேல்மூடியும் என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த வருஷமே தோல் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவள் நான். இரும்பு வேலைக்கு ஒரு மேஸ்திரி, மரவேலைக்கு ஒரு தச்சர், சம்மட்டி அடிக்க ஒருவர். மூவரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். அதற்காக எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வந்தது.

என் கொழுந்தனார் தஞ்சோங் பகார் கப்பல்துறையில் கணக்கெழுதும் கிராணி. கெட்டவர் இல்லை. அண்ணன் போன பிறகு அண்ணியைப் பத்திரமாக ஊர் சேர்க்காவிட்டால் நாலு பேர் தன்னைத்தான் குறை சொல்வார்கள் என்கிற பயம் அவரைத் தூங்கவிடவில்லை. ஊரெல்லாம் மோட்டார் வண்டி வந்துகொண்டிருக்கிறது, குதிரைவண்டியை நம்பி ஒரு பொம்பளை எத்தனை நாள் பட்டறை நடத்த முடியும் என்று வாராவாரம் வந்து கேட்பார். கடைசியில் ஆயுதபூஜை முடிந்து வரும் திங்கட்கிழமைக் கப்பலில் எனக்கு இடம் சொல்லிவிட்டதாக வந்து சொன்னார். நான் கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்காமல், மோட்டார் வண்டிதானே வேண்டும், மோட்டார் வண்டியையே இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றேன். அப்படி ஒரு வண்டி உங்களை நம்பி நின்று, ஓடவும் ஓடினால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றார் அவர். நான் கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் சொன்ன பிறகு பின்வாங்குவது எனக்குப் பழக்கமில்லை.

அப்போது என் தூண்டிலில் ஏற்கெனவே ஒரு மீன் கடித்திருந்தது. ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது பணக்கார முதலாளியின் மகன், வேகத்துக்கென்றே செய்த பிரெஞ்சு வண்டி ஒன்றை வரவழைத்து வைத்திருந்தான். நீண்ட மூக்கு, கதவு கிடையாது, கூரை கிடையாது, இரண்டே இருக்கை. புக்கிட் தீமா பக்கத்து மேட்டுச் சாலையில், மோட்டார் வைத்திருக்கும் பணக்காரர்கள் ஆயுதபூஜை வாரத்துச் சனிக்கிழமை யார் வண்டி வேகமாக ஏறுகிறது என்று பார்க்கப் போகிறார்கள், அதற்குள் இருக்கை மெத்தையைப் புதுசாகத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று வந்தான். அவன் பேசியது கடைத்தெருவில் புழங்கும் பசார் மலாய். நான் பேசியதும் அதுதான், கொஞ்சம் நாகப்பட்டினம் கலந்தது.

வண்டி எங்கள் வாசல் மேட்டில் ஏறும்போது நான் கவனித்தேன். என்ஜின் கத்துகிற கத்தலுக்கு வண்டி நகரவில்லை. கருகிய தோல் வாடை வேறு வந்தது. உள்ளே கூம்பு மாதிரி ஒரு சக்கரம் இன்னொன்றுக்குள் போய்ப் பிடிக்கிறது, அதன்மேல் தோல் சுற்றியிருக்கிறது, அதற்குக் கிளச்சு என்று பெயர் என்று அவன் விளக்கினான். தோல் என்றால் என் வேலை, மெத்தையோடு அதையும் விட்டுவிட்டுப் போ என்றேன். அவன் யோசித்தான். மேட்டில் என்ஜினுக்கு மூச்சு வாங்குகிறது, அதையும் பார்க்கத் தெரியுமா என்று கேட்டான். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமலே தெரியும் என்றேன்.

மேஸ்திரி ஆவி என்ஜின்களில் கை வைத்தவர். திறந்து பார்த்தபோது சிலிண்டருக்குள் அடுப்படிச் சுவர் மாதிரி கரி அப்பியிருந்தது. வால்வுகள் உட்காரும் இடமெல்லாம் பொத்தல் பொத்தலாக இருந்தது. கரியைச் சுரண்டி எடுத்தார். எமரிப்பொடியை எண்ணெயில் குழைத்து, வால்வை ஒவ்வொன்றாக வைத்துத் திருகித் திருகித் தேய்த்தார். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார். கசிந்தால் மறுபடி தேய்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கிளச்சுத் தோலை வெட்டித் தைத்து, விளக்கெண்ணெயைத் தடவித் தடவி ஊட்டினேன். எண்ணெய் குடிக்காத தோல் முரட்டுத்தனமாகப் பிடித்து வண்டியை உதறும். தோல் செத்துப்போகாமல் இருக்க எண்ணெய் வேண்டும் என்று நான் எல்லாருக்கும் கேட்கும்படி பிரசங்கம் செய்ததும் உண்மை. போதாக்குறைக்கு இந்த வேக என்ஜினுக்குள்ளும் விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்று தவுக்கே மகன் டின் டின்னாக வாங்கிக் கொடுத்திருந்தான். பட்டறையில் எல்லாரும், இந்த வண்டிக்கு விளக்கெண்ணெய்தான் சோறு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை ஆயுதபூஜை. என் கணவர் காலத்திலிருந்தே அன்று பட்டறை அவர்களுடையது. பொரி, கடலை, வெல்லம், வாழைப்பழம் வாங்கிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். சுத்தி, உளி, அரம், ஸ்பானர் எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் பரப்பிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் காலையில் மறுபூஜை போட்டு எடுக்கும்வரை யாரும் தொட மாட்டார்கள். அந்த வருஷம் மோட்டார் வண்டிக்கும் பூஜை. பித்தளை ரேடியேட்டரைப் புளி போட்டுத் தேய்த்து, அதன் நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி போட்டு, மாலை சாத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஐரோப்பாவில் பிறந்த வண்டி அப்படி ஒரு அழகில் நின்றதை அதைச் செய்தவன் பார்த்திருக்க வேண்டும்.

முற்பகலில் தவுக்கே மகன் வந்தான். மாலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினான். என்ஜின் சத்தம் கேட்டு மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. உண்மையிலேயே நல்ல சத்தம்.

கொஞ்ச நேரத்தில் அவன் ரிக்‌ஷாவில் திரும்பி வந்தான். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான், அதில் ரத்தம். ஜாலான் புசார் மதகைத் தாண்டும்போது வண்டி ஒரு தடவை எகிறியது, எகிறியது நிற்காமல் மேலும் கீழும் குதித்துக்கொண்டே போனது, நாலாவது குதியில் முன்பக்கத்து வில் முறிந்து வண்டி சாக்கடை ஓரம் சாய்ந்துவிட்டது என்று சொன்னான். எருமை வண்டியில் கட்டி அதை இழுத்து வந்தோம். மாலை மட்டும் கசங்காமல் இருந்தது.

இனி இங்கே வேண்டாம், ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளைக்காரர் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறேன் என்றான். அங்கே போனால் சனிக்கிழமைக்குள் கிடைக்குமா என்று நான் கேட்டேன். கிடைக்காது என்று அவனுக்கே தெரியும். நாளை சாயங்காலம் வா, வண்டி நிற்கும், பிடிக்காவிட்டால் அப்போது இழுத்துப் போ என்றேன். அவன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சரி என்று போனான். இந்த வண்டி இந்த வாசலைத் தாண்டிப் போனால், அதற்குப் பின்னாலேயே நானும் கப்பலேறப் போக வேண்டியதுதான்.

திரும்பிப் பார்த்தால் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இன்றைக்குக் கருவியைத் தொட முடியாது என்று தச்சர் தரையைப் பார்த்துச் சொன்னார். நான் கெஞ்சவில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்னை வேலை செய்யச் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தடை ஒன்றும் இல்லை. என் கத்தியும் ஊசியும் எப்போதும்போல என் பெட்டியிலேயே இருந்தன. வண்டியின் இருக்கைக்கு அடியில் தவுக்கே மகனின் சொந்த ஸ்பானர் பை ஒன்று கிடந்தது. அது பூஜைக்கு வைக்கப்படவில்லை என்று மேஸ்திரியே ஒப்புக்கொண்டார். தொடுவதற்குத்தானே தடை, பேசுவதற்கு இல்லையே என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசலாம் என்று தீர்ப்பானது.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். அன்று அந்தக் கொட்டகையில் நடந்த மாதிரி ஒரு வேலை உலகத்தில் எங்கேயும் நடந்திருக்காது. கை என்னுடையது, மூளை மூன்று பேருடையது. ஒருவர் இடது பக்கம் திருப்பு என்றால் இன்னொருவர் அது அந்த மரை இல்லை என்பார். தச்சருக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அவர்தான் அதிகம் பேசினார். ஒரு நட்டு நழுவி என் விரலை நசுக்கியபோது மேஸ்திரியின் கை தானாக முன்னால் வந்து, பாதியில் நின்று, மறுபடி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அந்த மனுஷன் பட்ட பாடு என் விரல் பட்டதைவிடப் பெரிது.

வில்லைக் கழற்றியாயிற்று. இரண்டு முனையிலும் காது சுருட்டிய நீளமான பட்டைதான் முறிந்திருந்தது. இது எங்களுக்குப் புதிதல்ல, குதிரைவண்டி வில்லும் இதேதான். ஆனால் ஏன் முறிந்தது? இரும்பு நல்ல இரும்பு. மதகு அப்படி ஒன்றும் பெரிய மேடு இல்லை.

ஒவ்வொரு வில்லுக்குப் பக்கத்திலும் இரண்டு கை கோத்த மாதிரி ஒரு சாமான் இருந்தது. கத்திரிபோல விரியும், மடங்கும். அதனால் நாங்கள் அதைக் கத்திரி என்றே சொல்லி வந்தோம். அதைப் பிடித்து அசைத்தேன். கதவுக் கீல்போல வழுவழுவென்று ஆடியது. வண்டி வந்த அன்று நான் மெத்தை அளவெடுக்கும்போது அதில் கை பட்டிருக்கிறது. அன்று அது முரண்டு பிடித்தது நன்றாக நினைவிருந்தது. நடு ஆணியைக் கழற்றினேன். இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் வட்டமாக ஒரு தோல். தோல் முழுக்க விளக்கெண்ணெய், பிழிந்தால் கரண்டி நிறைய வரும்.

“இதுக்கு யாரு எண்ணெய் விட்டது?” என்று கேட்டேன்.

மேஸ்திரி பெருமையாகத்தான் சொன்னார். “நான்தாம்மா. கீச்சு கீச்சுன்னு முனகிட்டே இருந்துச்சு. பூஜை அன்னைக்கு வண்டி முனகலாமா? தோலுன்னா எண்ணெய் குடிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. தட்டைக் கழட்டி நாலையும் ஊற வெச்சேன்.”

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது அந்தச் சந்துக்கே தெரியும். அன்று வந்தது மூக்கோடு நிற்கவில்லை. வண்டியைக் குதிக்கவிடாமல் பிடித்து நிறுத்துவதே அந்தக் கத்திரிதான், தோல் உலர்ந்து இரும்பை உரசிப் பிடித்தால்தான் வில் ஒரு தடவை ஆடி அடங்கும், நீங்கள் அதன் பிடியை எடுத்துவிட்டு வில்லை அதன் தலையெழுத்துக்கு விட்டுவிட்டீர்கள் என்று கத்தினேன். கத்தக் கத்தத்தான் எனக்கே அது முழுசாகப் புரிந்தது. முனகல் சத்தத்தோடு ஒரு வண்டி தெருவில் போனால் எந்தப் பட்டறை என்று ஊர் கேட்டுச் சிரிக்கும். வண்டிக்காரர்களுக்கு அதைவிட மானக்கேடு இல்லை. மேஸ்திரி செய்தது அந்த மானத்துக்காக. அது தெரிந்ததால் என் கோபம் குறையவில்லை, போக இடமில்லாமல் உள்ளேயே நின்றது. அவர் பலகையில் பரப்பியிருந்த தன் சுத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் குடித்த தோல் இனி உலராது. புதுத்தோல் வேண்டும். எங்களிடம் இருந்ததெல்லாம் குதிரைச் சேணத்துத் தோல், பிறக்கும்போதே எண்ணெயில் பிறந்தது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு தோல் கிடங்கு வைத்திருக்கும் நாகூர்க்காரரிடம் போனேன். என் கணவருக்கு நெடுநாள் பழக்கம், நான் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். எண்ணெயே காட்டாத கெட்டித் தோல் வேண்டும் என்றதும் அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“தங்கச்சி, நல்லா எண்ணெய் ஊட்டுன தோலுதான் வேணும்னு என்கிட்ட வருஷக்கணக்கா சண்டை போட்டது நீதானே?”

“இப்ப முரட்டுத் தோல் வேணும் நானா. என்னை மாதிரி.”

அவர் சிரித்துக்கொண்டே செருப்பு அடிப்பாகத்துக்கு வைத்திருந்த கட்டையான தோலில் ஒரு துண்டை எடுத்துத் தட்டிக் காட்டினார். பலகையில் தட்டின மாதிரி சத்தம் வந்தது. இருட்டுவதற்குள் வட்டம் வட்டமாக வெட்டி முடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபூஜை. கற்பூரம் அணைவதற்கு முன்பே மேஸ்திரி சுத்தியை எடுத்துவிட்டார். குதிரைவண்டியிலிருந்து கழற்றிய நல்ல வில் ஒன்றின் பட்டையை உலையில் வைத்து, பழையதன் வளைவுக்கு வளைத்து, முனைகளைக் காதாகச் சுருட்டினார். சிவந்ததை எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுத்து, மறுபடி இதமாகச் சூடு காட்டினார். கல்லில் போட்டார், ஏறி நின்றார், குதித்தார். பட்டை வளைந்து திரும்பி வந்தது. நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. சோறும் உண்ணவில்லை. கத்திரிகளை மட்டும் நான் கேட்காமலே என்னிடம் நீட்டினார். தட்டுகளைச் சாம்பல் போட்டு எண்ணெய் போகத் தேய்த்து வைத்திருந்தார். நான் தோலை வைத்து நடு ஆணியை இறுக்கினேன். அசைத்தபோது கீச்சென்று கத்தியது. அவர் முகம் புளி தின்ற மாதிரி ஆனது. ஆனாலும் “இன்னும் கொஞ்சம் இறுக்குங்கம்மா,” என்றார்.

சாயங்காலம் தவுக்கே மகன் வந்தான். உதடு வீங்கியிருந்தது. வண்டியைச் சுற்றி வந்தான், ஆனால் ஏறவில்லை. நேற்று விழுந்த பயம் அவன் கண்ணில் இன்னும் இருந்தது. நீங்கள் செய்த வில்தானே, உங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் ஓட்டுகிறேன் என்றான். நியாயமான பேச்சு. மேஸ்திரி உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனாரும் வாசலில் வந்து நின்றார். திங்கட்கிழமைக்கு என் பெட்டியை ஏற்ற ஆள் சொல்ல வந்திருந்தார்.

மேஸ்திரி ஏறியிருந்தால் ஒன்றும் தப்பில்லை. ஆனால் நாளை வா, வண்டி நிற்கும் என்று வாக்குக் கொடுத்தது நான். அதில் உட்கார அடுத்தவரை அனுப்பிவிட்டு நான் வாசலில் ஜெபம் சொல்லிக்கொண்டு நிற்பதா? தாலி இழந்தவள், வெள்ளைச் சேலை, பக்கத்தில் ஒரு சீனப் பையன், நடு ரோடு. எல்லாம் தெரிந்துதான் ஏறி உட்கார்ந்தேன். கொழுந்தனார் “அண்ணி” என்று ஒரு தடவை கூப்பிட்டது என்ஜின் சத்தத்தில் அமுங்கிப் போனது.

பயமாக இருந்தது. பயமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. காற்று முக்காட்டைப் பிடுங்கியது, கண்ணில் புழுதி அடித்தது, ரிக்‌ஷாக்காரர்கள் ஒதுங்கி நின்று வாயைப் பிளந்தார்கள். மதகு தெரிந்ததும் பையன் வேகத்தைக் குறைத்தான். குறைக்காதே, நேற்று போன வேகத்தில் போ என்றேன். வண்டி ஏறியது, எழும்பியது, என் வயிறும் எழும்பியது. பிறகு ஒரே தடவை தாழ்ந்து, கீச்சென்று ஒரு முனகல் முனகி, அப்படியே ரோட்டில் உட்கார்ந்து ஓடியது. பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “லாகி,” என்றேன். இன்னொரு தடவை என்று அர்த்தம். திரும்பி வந்து மறுபடி தாண்டினோம். மூன்றாவது தடவை அவன் கேட்காமலே தாண்டினான், ஏனென்றால் அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

வாசலில் வந்து இறங்கினோம். மேஸ்திரி வில்லைத் தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “வில்லு இருக்குதும்மா,” என்றார். அன்று அவர் என்னோடு பேசிய இரண்டாவது பேச்சு அது. போய்ச் சோறு தின்னுங்கள் என்று மட்டும் சொன்னேன். தவுக்கே மகன், மேட்டு ஓட்டம் முடிந்ததும் வண்டியை இங்கேயே கொண்டுவந்து விடுகிறேன், கொட்டகையில் இடம் வை என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொழுந்தனார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தலையெல்லாம் புழுதியாக, முக்காடு கழுத்தில் சுற்றியிருக்க, கை நிறைய எண்ணெய்க் கறையோடு நான் அவர் முன்னால் போய் நின்றேன். தன் அண்ணனைக் கோயிலில் வைத்து மணந்த பெண்ணை அவர் இந்தக் கோலத்தில் பார்த்ததே இல்லை.

“அண்ணி, கப்பல்…” என்று ஆரம்பித்தார்.

“தம்பி, திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு. அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் சொல்ல நாக்கு நுனியில் நிறையவே வைத்திருந்தேன். அவரோ சுற்றிலும் பார்த்து, யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தணிந்த குரலில், “அப்ப ஊருக்கு எழுதும்போது, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நீங்கதான் கேக்கலைன்னு ஒரு வரி எழுதிடுங்க அண்ணி,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கணவர் போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது, நிறுத்த முடியவில்லை. மாதக்கணக்காக அந்த மனுஷனை என் கழுத்தில் கயிறு போட்டு இழுக்க வந்தவர் என்று நினைத்திருந்தேன். கயிறு அவர் கழுத்திலும் இருந்திருக்கிறது. கட்டாயம் எழுதுகிறேன் என்றேன். அன்றைக்கே எழுதினேன். கொழுந்தனார் மேல் ஒரு குற்றமும் இல்லை, எவ்வளவோ சொன்னார், நான்தான் வருவதாக இல்லை என்று.